கல்யாணம் வரைக்கும் வரும் கண்ணாடி

வியர்வையில் ஊறிப் பச்சை பூத்த உலோகத்துக்கு ஒரு வாசனை உண்டு. சில்லறைக் காசை உள்ளங்கையில் வெகுநேரம் பொத்தி வைத்திருந்துவிட்டுத் திறந்தால் வருமே, அதே வாசனை. என் பத்தாவது வயது முழுக்க அது என் மூக்கின் இரண்டு பக்கமும் குடியிருந்தது. மற்றவர்கள் இளமைக்காலத்தைப் பற்றி எழுதும்போது மழை மணக்கிறது, மாம்பழம் மணக்கிறது. எனக்கு ஒரு தங்கநிறக் கண்ணாடி நாறுகிறது. பாசத்தோடு எழுதப்போகிறேன் என்று யாரும் ஏமாந்துவிடக்கூடாது என்பதற்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்தக் கண்ணாடியை நான் வெறுத்தேன், அதைத் தேர்ந்தெடுத்தவரை வெறுத்தேன், லென்ஸை அதில் மாட்டிக் கொடுத்த கடையையும் வெறுத்தேன், இன்று மூக்குக்கண்ணாடி செய்வதையே தொழிலாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், படிக்கப் படிக்க அந்த வெறுப்புக்கு வலுவான காரணங்கள் கிடைத்துக்கொண்டே இருக்கின்றன.

கார்டன் ரீச்சில் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். அப்பாவுக்கு ரயில்வே அலுவலகத்தில் வேலை. கல்கத்தாவுக்கு வந்து எத்தனை காலமானாலும் எங்கள் வீட்டுப் பேச்சு திருநெல்வேலியை விட்டு வண்டி ஏறவே இல்லை. பேச்சோடு கூடவே ஒரு வழக்கமும் வந்திருந்தது: பிள்ளைகளுக்கு எதையும் அளவாக வாங்கக்கூடாது. "வளருத பிள்ளை, ஒரு சுத்துப் பெருசாவே எடுங்க" என்பது அந்தக் குவார்ட்டர்ஸ் தமிழ்க் குடும்பங்கள் அத்தனை பேருக்கும் பொதுவான வாக்கு. பள்ளிக்கூடப் பாவாடையின் அடியில் மூன்று மடிப்பு மடித்துத் தைத்திருப்பார்கள், வருஷத்துக்கு ஒரு மடிப்பாகப் பிரித்துவிடுவார்கள், பழைய மடிப்பு இருந்த இடத்தில் வெளுத்த கோடு ஒன்று என் வளர்ச்சியை ஊருக்கே அறிவித்துக்கொண்டிருக்கும். ஷூவின் முனையில் பஞ்சு, மழைக்கோட்டுக்குள் நான், பூஜைக்கு எடுக்கும் புது ஃபிராக்கில் தோள்பட்டை முழங்கையில் என்று எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். ஷூ பெரிதாக இருந்தால் பஞ்சு வைத்து அடைக்கலாம். கண்ணாடி பெரிதாக இருந்தால் எதை வைத்து அடைப்பது?

எனக்கு ஏழு வயதிலேயே கண்ணாடி வந்துவிட்டது. அந்த முதல் கண்ணாடியும் பெரியதுதான், ஆனால் பவர் குறைவு என்பதால் ஒரு தொந்தரவும் செய்யவில்லை. பத்து வயதில் பவர் ஒரேயடியாக ஏறி மைனஸ் ஆறில் வந்து நின்றபோது, அப்பாவோடு வேலை பார்த்த செல்லையா மாமா, "கடை எனக்குத் தெரிஞ்ச கடை, நான் கூட வாரேன்" என்று கிளம்பினார். செல்லையா மாமா கூட வந்தால் நாம் போன வேலை அவர் வேலையாகிவிடும். நான் சின்னதாக, நீலமாக, என் முகத்துக்குள்ளேயே அடங்கிவிடக்கூடிய ஒரு ஃப்ரேமைக் கையில் எடுத்து வைத்திருந்தேன். அவர் அதை என் கையிலிருந்து வாங்கி மேஜையில் வைத்துவிட்டு, ஏறக்குறைய அவர் போட்டிருந்த அதே அளவில் ஒரு தங்கநிறக் கம்பி ஃப்ரேமை எடுத்து என் முகத்தில் மாட்டினார். அது புருவத்துக்கு மேலே தொடங்கிக் கன்னத்தில் முடிந்தது.

"நல்ல சாமான், பாத்தியளா. வருஷா வருஷம் லென்ச மட்டும் மாத்திக்கிட்டா, கல்யாணம் வரைக்கும் வரும்."

கடைக்காரருக்கு உண்மை தெரிந்திருக்க வேண்டும். தெரிந்திருந்தால் சொல்லியிருக்க வேண்டும். அவர் பல்லைக் காட்டி, "பெஷ் மானியேச்சே," ரொம்பப் பொருத்தமாயிருக்கிறது, என்றார். அம்மா வீட்டுக்கு வந்து பாவாடை எலாஸ்டிக்கில் ஒரு துண்டை வெட்டி, இரண்டு காதுக் கம்பிகளிலும் முடிச்சுப் போட்டு, பின்னந்தலையோடு சேர்த்துக் கட்டிவிட்டாள். அது கழன்று விழாது என்று உறுதியானதும் எல்லோருக்கும் திருப்தி.

மறுநாள் மாலை ஆற்றங்கரையில் நின்று கப்பல் கட்டும் தளத்தைப் பார்த்தபோது அங்கே இரண்டு கிரேன்கள் நின்றன. முந்தின வாரம் வரை ஒன்றுதான். புதிதாகக் கொண்டுவந்திருக்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். பிறகு படகு இரண்டானது, படகில் நின்ற மனிதர் இரண்டானார், இருட்டியதும் நிலா இரண்டாகி ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து நின்றது. ஒரு கண்ணை மூடினேன், ஒன்று. திறந்தேன், மெதுவாக விலகி மறுபடி இரண்டு. சொன்னேன். "புதுக் கண்ணாடி அப்படித்தாம்ட்டி இருக்கும், பழகிரும்" என்றாள் அம்மா. பழகவில்லை. காலையில் சமாளித்து ஒன்றாக வைத்திருப்பேன், மத்தியானத்துக்குள் நெற்றிப்பொட்டில் யாரோ கட்டைவிரலால் அழுத்துவது போல வலி வரும், அதற்குப் பிறகு உலகம் பிரிந்துகொள்ளும்.

இதில் எனக்கு எதிரான மிகப் பெரிய சாட்சி என்ன தெரியுமா? கதைப்புத்தகம். புத்தகத்தைக் கையில் எடுத்தால் எழுத்து ஒன்றாகத்தான் தெரிந்தது, வலிகூடக் குறைந்தது. எனவே நான் எந்நேரமும் புத்தகமும் கையுமாக இருந்தேன். "கதை படிக்கதுக்குக் கண்ணு நல்லாத் தெரியுது, போர்டப் பாத்தா மட்டும் ரெண்டு ரெண்டாத் தெரியுதாக்கும்" என்று அப்பா கேட்டார். அதற்குப் பதில் எனக்குக் கிடைக்க எட்டு வருஷத்துக்கு மேல் ஆனது.

போர்டு என்றால் எந்தப் போர்டும் அல்ல, வங்காள மொழி வகுப்பின் போர்டு. வங்காள எழுத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தலைக்கு மேலே ஒரு கோடு ஓடும், எழுத்தெல்லாம் கொடியில் காயப்போட்ட துணி மாதிரி அதிலிருந்து தொங்கும். அதைப் பக்கவாட்டில் இரண்டாக்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்: கோடு மட்டும் ஒன்றோடொன்று சேர்ந்து நீளமாகி ஒழுங்காகவே தெரியும், அதன் கீழே ஒருவர் சட்டைக்குள் இன்னொருவர் கையை நுழைத்த மாதிரி எழுத்துகள் சிக்கிக்கொள்ளும். என் நோட்டில் நான் எழுதிவைத்தது எந்த மொழியிலும் இல்லாத ஒன்று. ஆகவே நான் கண்டுபிடித்த ஒரே வைத்தியத்தை வகுப்பிலும் செய்தேன். இடது கண்ணை மூடிக்கொண்டு போர்டைப் பார்த்தேன். போர்டுக்கு முன்னால் மிஸ் நின்றுகொண்டிருந்தார்.

"ஆமாகே சோக் மார்ச்சிஸ்?" என்றார். என்னைப் பார்த்துக் கண்ணடிக்கிறாயா என்று அர்த்தம். வகுப்பு மொத்தமும் சிரித்தது, நான் பயத்தில் மறுபடியும் அதே கண்ணை மூடினேன், அத்தோடு முடிந்தது கதை. மிஸ் வீட்டுக்குச் சொல்லி அனுப்பினார். வங்காளம் படிக்கப் பிடிக்காத மதராசிப் பெண் ஒருத்தி டீச்சரையே கிண்டல் செய்கிறாள் என்பது குற்றச்சாட்டு.

அப்பாவை ஒன்று மட்டும் பாராட்ட வேண்டும், அடிக்கவில்லை, விசாரித்தார். கண் டாக்டரிடம் மறுபடி கூட்டிப்போனார். டாக்டர் தன்னுடைய கனமான சோதனை ஃப்ரேமை என் முகத்தில் வைத்து, திருகைத் திருகி, அதே பவர் லென்ஸ்களை அதில் போட்டு, தூரத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார். கடைசி வரி வரை படித்தேன். எல்லாம் ஒன்று ஒன்றாக, கூர்மையாக, வலியே இல்லாமல் தெரிந்தது. அங்கேயே அழுதுவிட்டேன், சந்தோஷத்தில். டாக்டர் பவர் சரிதான் என்றார். பிறகு கடைக்குப் போனோம். கடைக்காரர் என் கண்ணாடியை இயந்திரத்தில் வைத்துப் பார்த்து, அதே பவர்தான் இருக்கிறது என்றார். வீட்டுக்கு வந்ததும் அப்பா நாற்காலியில் உட்கார்ந்து, செல்லையா மாமாவின் முன்னால், கோபமே இல்லாத குரலில் கேட்டார்:

"டாக்டரும் சரிங்காரு, கடைக்காரனும் சரிங்கான். அப்ப தப்பு யாரு மேலட்டி?"

"பெங்காலி வரல, அதுக்கு ஒரு நாடகம்" என்றார் மாமா. "நடிக்கா. விடுங்க, கண்டுக்கிடாதிய."

அன்றிலிருந்து அவர் எங்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "நடிகை இருக்காளா?" என்று கேட்பார். அவருக்கு அது செல்லம். நான் சொல்வதை நிறுத்திவிட்டேன். இடது கன்னத்தில் கையை ஊன்றி, விரல்களால் கண்ணை மூடிக்கொண்டு உட்காரக் கற்றேன். அது யோசிக்கிற மாதிரி இருந்ததால் மற்ற டீச்சர்கள் பாராட்டவும் செய்தார்கள். பேட்மிண்டனை விட்டேன், ஏனென்றால் வருகிற இரண்டு பந்துகளில் எது பந்து என்று தெரியவில்லை. அஷ்டமி அன்று பந்தலில் துர்க்கையின் பத்துக் கைகளும் இருபதாகி நின்றபோது, பக்கத்தில் நின்ற அம்மாவிடம்கூட நான் சொல்லவில்லை. உண்மையைச் சொல்லியும் யாரும் நம்பாமல் போனால், பத்து வயதில் ஒரு பெண் தன்னையே சந்தேகிக்கத் தொடங்குகிறாள். நான்தான் நடிக்கிறேனோ என்று நிலைக்கண்ணாடி முன்னால் நின்று பார்த்திருக்கிறேன். அங்கேயும் இரண்டு பேர் நின்றார்கள்.

அடுத்த வருஷம் பவர் இன்னும் ஏறியது. புது லென்ஸை அந்தப் பெரிய ஃப்ரேமில் போட்டால் ஓரம் சோடா பாட்டில் அடி போலத் தடித்து வெளியே நிற்கும், அசிங்கமாக இருக்கும் என்று கடைக்காரரே சொல்லி ஒரு சின்ன ஃப்ரேமைத் தள்ளிவிட்டார். கவனியுங்கள், அசிங்கம் என்பதற்காக. அன்றைக்கே கிரேன் ஒன்றானது. "நடிச்சு அலுத்துப்போச்சு போல" என்றார் மாமா. தங்கநிற ஃப்ரேமைத் தூக்கிப் போட அம்மாவுக்கு மனது வரவில்லை. லென்ஸோடு பீரோவுக்குள் போயிற்று.

நான் பிளஸ் டூ முடித்ததும் கண்ணாடித் தொழில் படிக்கப் போகிறேன் என்றபோது வீட்டில் யாருக்கும் ஏன் என்று புரியவில்லை. மாஜேர்ஹாட்டில் ரயிலேறிப் பாலிகஞ்சில் இறங்கி வகுப்புக்குப் போகிறேன். சென்ற மழைக்காலத்தில், லென்ஸின் மையத்தைப் பற்றிய பாடம் தொடங்கிப் பத்து நிமிடம் ஆகியிருக்கும், எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

அதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன், கண்ணாடி போடுகிற யாரும் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். மைனஸ் லென்ஸ் நடுவில் மெலிந்து ஓரத்தில் தடித்திருக்கும். இரண்டு ஆப்புகளைக் கூர்முனையோடு கூர்முனை முட்ட வைத்தது போல. முனைகள் முட்டுகிற அந்த மையத்தின் வழியே பார்த்தால் ஒளி நேராக வரும். மையத்தை விட்டு விலகிப் பார்த்தால் நீங்கள் ஆப்பின் வழியாகப் பார்க்கிறீர்கள், பொருள் இருக்கிற இடத்தில் இல்லாமல் தள்ளித் தெரியும். எவ்வளவு தள்ளி? விலகலைப் பவரால் பெருக்கிக்கொள்ளுங்கள். பவர் குறைவாக இருந்தால் கொஞ்சம் விலகினாலும் லென்ஸ் மன்னித்துவிடும்; என் முதல் கண்ணாடி அப்படித்தான் மன்னித்தது. மைனஸ் ஆறு மன்னிக்காது. ஆகவே ஒழுங்கான கடையில் இரண்டு கண்மணிகளுக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்து, அந்த மையங்கள் கண்மணிக்கு நேரே வரும்படி லென்ஸை மூக்குப் பக்கமாக நகர்த்தி வெட்டுவார்கள். ஃப்ரேம் முகத்தைவிட மிகப் பெரிதாக இருந்தால் அப்படி நகர்த்த லென்ஸில் இடமே இருக்காது. அப்போது சோம்பேறிக் கடைக்காரர் ஃப்ரேமின் நடுவில் மையத்தை வைத்து மாட்டி அனுப்பிவிடுவார். பவர் சரியாகவே இருக்கும். இடம்தான் தப்பு.

மையம் காதுப் பக்கமாக விலகிப்போனால், தூரத்தில் உள்ளதை ஒன்றாகப் பார்க்க இரண்டு கண்களும் வெளிப்பக்கமாகத் திரும்ப வேண்டும். மனிதக் கண்ணுக்கு உள்ளே திரும்பத் தெரியும். வெளியே திரும்ப அது படு சோம்பேறி. கொஞ்ச நேரம் முக்கிப் பார்த்துவிட்டுக் கைவிட்டுவிடும். கிரேன் இரண்டாகும். ஆனால் புத்தகம் படிக்கும்போது கண்கள் உள்ளே திரும்ப வேண்டியிருக்கிறது, ஆப்பு அந்த வேலையைக் குறைத்துவிடுகிறது. அதனால்தான் கதைப்புத்தகம்! வகுப்பில் நான் சத்தமாகவே "அதனால்தான்" என்றேன், எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டரின் ஃப்ரேமில் ஏன் ஒன்றாகத் தெரிந்தது என்பதும் அந்தக் கணத்தில் விளங்கியது; அந்தத் திருகு, என் கண்மணிக்கு நேரே லென்ஸைக் கொண்டுவருகிற திருகு. இயந்திரத்தில் பவரைப் பார்த்த கடைக்காரர் மையத்தைப் பார்க்கவே இல்லை.

அன்று வீட்டுக்கு வந்து பீரோவைக் குடைந்து அந்தச் சனியனை எடுத்தேன். மறுநாள் வகுப்பில், பவரையும் மையத்தையும் காட்டும் லென்ஸோமீட்டரில் வைத்து மையத்தில் மைப்புள்ளி குத்தினேன். இரண்டு புள்ளிகளும் ஃப்ரேமின் சரிநடுவில், வளர்ந்த ஓர் ஆளின் முகத்துக்குப் பொருந்தும் தூரத்தில், வெட்கமில்லாமல் உட்கார்ந்திருந்தன. நான் நடிக்கவில்லை.

அதைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்த அந்த வாரத்தில்தான் செல்லையா மாமா வீட்டுக்குப் போக நேர்ந்தது. ஓய்வு பெற்ற பிறகு நியூ டவுனில் மகனோடு பெரிய அடுக்குமாடியில் இருக்கிறார். அவருடைய பேத்தி மீனு, நாலாவது படிக்கிறவள், சோபாவில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் பாதியை மறைத்த ஒரு பெரிய புதுக் கண்ணாடி. குஷனைக் கட்டிப்பிடித்து அதன் மூலையால் இடது கண்ணை அமுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன கண்ணு, கண் வலிக்கா?" என்று கேட்டேன்.

அவள் தாத்தாவை ஒரு பார்வை பார்த்தாள். "ஒண்ணும் இல்லக்கா."

"நடிக்கா" என்றார் மாமா, சிரித்துக்கொண்டே. "கண்ணாடி போட்டதுலேருந்து ஒரு கண்ண மூடிக்கிடுதா. உன்னய மாதிரியே ஒரு நடிகை."

அந்த "ஒண்ணும் இல்லக்கா" எனக்குத் தெரிந்த குரல். சொல்லி அலுத்துப்போன குரல். அவள் முன்னால் மண்டிபோட்டு, என் மூக்கைப் பார்க்கச் சொல்லி, அவள் கண்மணிக்கு நேரே லென்ஸில் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்தேன். பிறகு கண்ணாடியைக் கழற்றி ஜன்னலுக்கு எடுத்துப் போனேன். இயந்திரம் இல்லாவிட்டாலும் மையத்தைக் கண்டுபிடிக்கலாம்: லென்ஸ் வழியாக ஒரு நேர்க்கோட்டைப் பாருங்கள், லென்ஸுக்கு உள்ளே தெரியும் கோடும் வெளியே தெரியும் கோடும் முறியாமல் ஒன்றாய்ப் போகிற இடம்தான் மையம்.

"மாமா, இங்க வாங்க. இந்தப் புள்ளி வழியா ஜன்னல் கம்பியப் பாருங்க."

"என்னத்துக்கு?"

"பாருங்களேன்."

பார்த்தார். "கம்பி ஒடைஞ்சு தெரியுது."

"அந்தப் புள்ளி வழியாத்தான் மீனு நாள் பூரா பாக்கா. இப்பக் கண்ணாடிய நகத்துங்க. எங்க கம்பி சேருது?"

நகர்த்தினார். புள்ளியிலிருந்து ஒரு விரல் அகலம் தள்ளி, ஃப்ரேமின் நடுவில் கம்பி ஒட்டிக்கொண்டது. அவர் திரும்பத் திரும்ப அங்குமிங்கும் நகர்த்திப் பார்த்தார். மீனு சோபாவிலிருந்து, "தாத்தா, நான் சொன்னேன்லா ரெண்டு ரெண்டாத் தெரியுதுன்னு" என்றாள்.

"அப்பக் கடைக்காரன் தப்பு" என்றார் மாமா.

"கடைக்காரன் தப்புதான். இந்த ஃப்ரேம எடுத்தது யாரு?"

"வளருத பிள்ளைக்கு..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். நான் விடவில்லை. பையிலிருந்து தங்கநிறக் கண்ணாடியை எடுத்து மேஜையில் வைத்தேன். மன்னிப்புக் கேட்பார் என்றெல்லாம் எதிர்பார்க்கவில்லை. "நீ அன்னைக்கு நடிக்கல" என்று ஒரு வாக்கியம் போதும் எனக்கு. அவர் அதைக் கையில் எடுத்தார், மடக்கி விரித்துப் பார்த்தார், அடையாளம் தெரிந்து முகம் மலர்ந்தது.

"அட, இது இன்னும் இருக்கா! போடு பாப்போம்."

ஏன் போட்டேன் என்று தெரியவில்லை. என் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அதை மாட்டினேன். எலாஸ்டிக் இல்லாமலே நின்றது. மாமா கையைத் தட்டினார்.

"பாத்தியா! கச்சிதமா இருக்கு! கல்யாணம் வரைக்கும் வரும்னு நான் அப்பவே சொன்னேன்லா!"

பொருந்தத்தான் செய்தது. முகம் வளர்ந்து, கண்கள் விலகி, அந்த இரண்டு மைப்புள்ளிகளுக்கும் நேரே என் கண்மணிகள் இத்தனை வருஷம் கழித்து வந்து சேர்ந்திருந்தன. கண் மட்டும் அங்கே காத்திருக்கவில்லை. என் பவர் இப்போது மைனஸ் ஒன்பது. மாமா நின்ற இடத்தில் வெள்ளையாக, கண் மூக்கு இல்லாமல், ஏதோ கையைத் தட்டிக்கொண்டிருந்தது. ஒன்றே ஒன்று.

மீனுவுக்கு மறுநாளே அவள் அம்மாவோடு போய்ச் சின்ன ஃப்ரேம் எடுத்தாயிற்று, நீலத்தில். "ஒரு வருஷத்துல பத்தாமப் போயிரும்" என்று மாமா போனில் முனகினார், போகட்டும் என்றேன். எனக்குக் கண்ணாடி மாட்டிய அந்தக் கடை இப்போது இல்லை, அந்த இடத்தில் மொபைல் கவர் தொங்குகிறது; எனக்கு வருத்தமில்லை. எலாஸ்டிக் கட்டுகிற அம்மாக்களும் குறைந்துவிட்டார்கள். நான் அன்றைக்கு நடிக்கவில்லை என்கிற அந்த ஒரு வாக்கியத்தை மாமா இன்றுவரை சொல்லவில்லை. வகுப்பு முடிந்து திரும்பும் சில மாலைகளில் ஆற்றங்கரையில் நின்று எதிரே பார்க்கிறேன். கிரேன் ஒன்றுதான் நிற்கிறது. அதன் தோளில் சாய்ந்தபடி இன்னொன்று ஒரு வருஷம் நின்றதற்கு, என்னைத் தவிர இந்த ஊரில் சாட்சி இல்லை.